வீட்டுப் பட்டறையில் பலவண்ண லேசர் புரொஜெக்டர்

பலவண்ண லேசர் புரொஜெக்டர் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று லேசர் கற்றைகளை ஒரே கோட்டில் இணைத்து, அந்த ஒற்றைக் கற்றையை இரண்டு சிறிய ஆடிகளால் கிடையாகவும் செங்குத்தாகவும் விரைந்து அசைத்து, சுவரிலோ புகையிலோ உருவங்களை வரையும் கருவி. வகுப்பறையிலும் கூட்ட அரங்கிலும் காணும் வழக்கமான புரொஜெக்டர் ஒரு படத்தின் பரப்பு முழுவதையும் ஒளியால் நிரப்புகிறது. லேசர் புரொஜெக்டரோ எந்த ஒரு கணத்திலும் ஒரே ஒரு புள்ளியை மட்டுமே காட்டுகிறது. அந்தப் புள்ளி நொடிக்குப் பல முறை ஒரே பாதையைச் சுற்றி வருவதால், கண் ஒரு காட்சியைச் சிறிது நேரம் தக்கவைத்துக்கொள்ளும் இயல்பு, அதாவது பார்வை நீடிப்பு, அதை முழு உருவமாகக் கோத்துக்கொள்கிறது. இக்கருவியின் அழகும் குறைகளும் ஆபத்தும் இந்த ஒற்றைப் புள்ளியிலிருந்தே பிறக்கின்றன. கோட்டோவியங்கள் இதில் கூர்மையாக வரும், நிறம் நிரப்பிய பரப்புகள் வாரா. உருவம் சிக்கலாக ஆக ஆக மினுமினுப்பு கூடும். கருவியின் முழு ஆற்றலும் எப்போதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

இத்தகைய கருவியைத் தொழிற்சாலையின் துணையின்றி வீட்டிலேயே கட்டுவது அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் மின்னணுவியல், ஒளியியல், இசை ஆகிய மூன்றிலும் நாட்டம் உள்ளவர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. இதில் கடினமானது எது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்திருக்கிறது. தொடக்கத்தில் ஒளியைப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. இன்று ஒளிதான் மலிவானது, அதை அசைப்பதும் அடக்குவதுமே கடினம். இந்த இடமாற்றத்தை உணராமல் வாட் கணக்கை மட்டும் பெருக்கிக்கொண்டு போகும் கருவிகளே பெரும்பாலும் மங்கலான படத்தையும் மிகையான ஆபத்தையும் ஒருசேரத் தருகின்றன.

ஆடியை அசைத்து ஒளியால் வரையும் எண்ணம் லேசரைவிட நூறாண்டு மூத்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் ழூல் அந்துவான் லிசாழு 1857இல் இரண்டு இசைக்கவைகளில் சிறு ஆடிகளைப் பொருத்தி, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அவற்றை அதிரவைத்து, இரண்டிலும் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி திரையில் வரைந்த வளைகோடுகளை ஆராய்ந்தார். இன்றைய புரொஜெக்டரின் ஒளியமைப்பு அடிப்படையில் அதுவே. அடுத்த ஆண்டில், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பியில் வந்துசேரும் மிக மெல்லிய மின்னோட்டத்தைக் கண்டறிவதற்காக, காந்தத்தின் மேல் ஒட்டிய சிற்றாடி திரும்பும்போது ஒளிப்புள்ளி நகரும் கால்வனோமீட்டரை வடிவமைத்தார். மின்னோட்டத்தை ஆடியின் கோணமாக மாற்றும் அந்தக் கருவியின் வழித்தோன்றலே இன்று பொழுதுபோக்காளர்கள் சுருக்கமாக ‘கால்வோ’ என்று அழைக்கும் உறுப்பு.

1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய பிறகு, அந்த ஒளி கலைஞர்களின் கைக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. ஓக்லாந்து நகரின் மில்ஸ் கல்லூரியில் 1969 மே 9 அன்று இசையமைப்பாளர் லோவல் கிராஸ், இயற்பியலாளர் கார்சன் ஜெஃப்ரிஸ், இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஆகியோர் ஒலிக்கேற்ப ஆடிகளை அசைத்துப் பலவண்ண லேசர் காட்சியை நடத்தினர். 1973 நவம்பரில் ஐவன் டிரையர் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் வானாய்வகத்தில் தொடங்கிய ‘லேசீரியம்’, கிரிப்டான் வாயு லேசரின் ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து இசையோடு இணைத்துக் காட்டியது. 2002 வரை அங்கேயே நடந்த அக்காட்சியே லேசர் காட்சி என்ற தனிக்கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது என்று சொல்வது மிகையாகாது.

அக்காலத்தில் வீட்டில் கருவி கட்ட முனைந்தவர்களுக்குக் கிடைத்தவை வாயு லேசர்களே. ஹீலியம்-நியான் குழாய் 632.8 நானோமீட்டர் அலைநீளத்தில் தூய சிவப்பைத் தந்தாலும் அதன் ஆற்றல் பொதுவாகச் சில மில்லிவாட் அளவில் நின்றுவிடும். வில்லியம் பிரிட்ஜஸ் 1964இல் கண்டறிந்த ஆர்கான் அயனி லேசர் 488 நானோமீட்டர் நீலத்தையும் 514.5 நானோமீட்டர் பச்சையையும் தந்தது. அதனுடன் கிரிப்டானைக் கலந்தால் 647.1 நானோமீட்டர் சிவப்பும் சேர்ந்து வெண்ணொளிக் கற்றை கிடைத்தது. ஆனால் காற்றால் குளிரூட்டப்படும் சிறிய ஆர்கான் குழாய்கூட ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரத்தை இழுத்து, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே, அதாவது நூறு மில்லிவாட் அளவே, ஒளியாகத் தந்தது. எஞ்சியது வெப்பமாகி விசிறியின் இரைச்சலோடு அறையை நிரப்பியது. பழைய அச்சுக்கருவிகளிலிருந்தும் மருத்துவக் கருவிகளிலிருந்தும் கழற்றி விற்கப்பட்ட இத்தகைய குழாய்களைத் தேடிப்பிடித்து, உயர் மின்னழுத்த வழங்கியைப் பழுதுபார்த்து ஓடவைப்பதே 1990களில் இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதியாக இருந்தது.

இந்நிலையை முதலில் மாற்றியது டயோடால் ஊட்டப்படும் திண்ம லேசர். 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடின் ஒளி நியோடிமியம் கலந்த வனேடேட் படிகத்தைத் தூண்ட, அது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை வெளியிட, அதன் அலைநீளத்தைக் கே.டி.பி. என்னும் இன்னொரு படிகம் பாதியாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. இவ்வகை லேசர் கைக்கு அடக்கமானது, கற்றையும் நேர்த்தியானது. ஆயினும் படிகங்களின் வெப்பநிலை சற்றே மாறினாலும் ஆற்றல் ஏறி இறங்கும், வேகமாக அணைத்து ஏற்றும்போது வெளிச்சம் உள்ளீட்டுக்கு நேர்விகிதத்தில் வாராது. மலிவான கருவிகளில் வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் பச்சையோடு கசிந்து வெளிவரும். இது தனியே எச்சரிக்கப்பட வேண்டிய குறை.

இரண்டாவது மாற்றம் வீட்டுப் பொருள்களின் வழியே வந்தது. காலியம் நைட்ரைடு என்னும் அரைக்கடத்தியிலிருந்து ஊதா, நீல லேசர் டயோடுகளை உருவாக்கும் வழியை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1990களின் நடுவில் திறந்துவைத்தார். டி.வி.டி. ரைட்டரின் சிவப்பு டயோடும் புளூ-ரே கருவியின் 405 நானோமீட்டர் ஊதா டயோடும் பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கப்பட்டுப் பட்டறை மேசைகளுக்கு வந்தன. 2010இல் கேசியோ நிறுவனம் வெளியிட்ட ஒருவகைப் புரொஜெக்டருக்குள் ஏறத்தாழ ஒரு வாட் தரவல்ல 445 நானோமீட்டர் நீல டயோடுகள் 24 இருந்ததால், முழுப் புரொஜெக்டரையும் வாங்கி உடைத்து டயோடுகளைப் பங்கிட்டுக்கொள்வதே மலிவாக முடிந்தது. பின்னர் 520 நானோமீட்டரில் நேரடியாகப் பச்சையை உமிழும் டயோடுகளும் 638 நானோமீட்டரில் வலுவான சிவப்பு டயோடுகளும் சந்தைக்கு வந்தபோது, மூன்று நிறங்களும் வெறும் மின்னோட்டத்தால் ஆளப்படும் மூன்று சிறு உலோகக் குப்பிகளாகிவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன் கூடம் நிறைய இயந்திரங்களைக் கோரிய வெண்ணொளி இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

எனினும் மூன்று டயோடுகளைச் சம ஆற்றலில் எரித்தால் வெண்மை கிடைப்பதில்லை. மனிதக் கண் பகலொளியில் 555 நானோமீட்டர் அருகே உள்ள மஞ்சள் கலந்த பச்சைக்கே மிகுந்த உணர்வு உடையது. அந்த உச்சத்தை ஒன்று எனக் கொண்டால் 520 நானோமீட்டர் பச்சைக்கு 0.71, 638 நானோமீட்டர் சிவப்புக்கு ஏறத்தாழ 0.19, 660 நானோமீட்டர் சிவப்புக்கு 0.06 மட்டுமே. நிறவியலின் பொதுத் தர அட்டவணைகளை வைத்துக் கணக்கிட்டால், ஒரு வாட் பச்சைக்கு ஏறத்தாழ 1.4 வாட் 638 நானோமீட்டர் சிவப்பும் 0.6 வாட் நீலமும் சேரும்போது பகலொளியை ஒத்த வெண்மை வரும். சிவப்பு 660 நானோமீட்டராக இருந்தால் அதே வெண்மைக்கு நான்கு வாட்டுக்கு மேல் தேவைப்படும். பழைய டி.வி.டி. டயோடுகளைக் கொண்டு கட்டிய கருவிகளில் வெண்மை எப்போதும் நீலம் பாய்ந்து தெரிந்ததன் காரணம் இதுவே. சிவப்பு டயோடுகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: வெப்பம் ஏற ஏற அவற்றின் ஒளி விரைந்து குறைகிறது, அலைநீளமும் கண்ணுக்கு மங்கலான பக்கம் நகர்கிறது. ஆகவே தடித்த அலுமினியத் தகட்டின் மேல் எல்லாவற்றையும் இறுக்குவதும், சிவப்புக்குக் குளிரூட்டும் மின்தகட்டைச் சேர்ப்பதும், உருவம் குலையாமல் நிறம் நிலைத்திருக்க வேண்டியவை.

டயோடிலிருந்து வெளிவரும் ஒளி பிறக்கும்போதே கற்றையாக இருப்பதில்லை. ஒரு திசையில் அகலமாகவும் மற்றத் திசையில் குறுகலாகவும் விரியும் விசிறியாக அது வெளிப்படுகிறது. முதல் வில்லை அதை இணைக்கற்றையாக்க, உருளை வடிவ வில்லைகள் இரண்டு அதன் நீள்வட்டத் தன்மையைச் சீர்செய்கின்றன. எஞ்சும் விரிவு மில்லிரேடியனில் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிரேடியன் என்றால் பத்து மீட்டர் தொலைவில் கற்றை ஒரு சென்டிமீட்டர் பருக்கும். பிறகு டைகுரோயிக் ஆடிகள், அதாவது ஒரு நிறத்தைத் தன்னூடே விட்டு மற்றொரு நிறத்தை எதிரொளிக்கும் மென்படலம் பூசிய கண்ணாடிகள், மூன்று கற்றைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கின்றன. அவை வெளிவாயிலில் ஒன்றாக இருந்தால் போதாது, தொலைவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு கற்றையின் இடத்தையும் கோணத்தையும் தனித்தனியே திருத்தும் நுண்திருகுகள் தேவை. இவ்வேலையின் குறை உடனே முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும்: வெண்கோடு வரைய முயன்றால் அதன் ஒரு விளிம்பில் சிவப்பும் மறுவிளிம்பில் நீலமும் பிதுங்கி நிற்கும்.

இனி வருவதே கருவியின் இதயம். மிக எளிய நிலையில், ஒலிபெருக்கியின் தாளில் ஒட்டிய ஆடித்துண்டோ, சற்றே சாய்வாக ஆடி பொருத்திய சிறு மோட்டார்கள் இரண்டு மூன்றோ அழகிய சுழல்வடிவங்களைத் தரும். பலர் இங்கிருந்தே தொடங்குகின்றனர். எழுத்தும் உருவமும் வரைய வேண்டுமானால் மூடுசுற்றுக் கால்வோ இன்றியமையாதது. அதில் அச்சோடு ஒட்டிய காந்தத்தைச் சுற்றுக்கம்பிச் சுருள் திருப்ப, அச்சின் உண்மையான கோணத்தை ஒளியுணரி ஒன்று தொடர்ந்து அளந்து சொல்ல, இருக்க வேண்டிய கோணத்துக்கும் இருக்கும் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெருக்கி மின்சுற்று மின்னோட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆடி ஒரு பாகை திரும்பினால் கற்றை இரண்டு பாகை திரும்பும். ஆடி எவ்வளவு இலேசோ அவ்வளவு விரைவாகத் திரும்பும். ஆனால் சிறிய ஆடியில் பருத்த கற்றை அடங்காது, மெல்லிய கற்றையோ தொலைவில் அதிகம் விரியும். ஆற்றல் கூட்டப் பல டயோடுகளை இணைத்தால் கற்றை பருக்கிறது, கற்றை பருத்தால் ஆடி பெருக்க வேண்டியிருக்கிறது, ஆடி பெருத்தால் உருவம் தளர்கிறது. வாட் கணக்கைத் துரத்துவது ஏன் வீண் என்பதை இந்தச் சங்கிலியே காட்டிவிடுகிறது.

கால்வோவின் வேகம் நொடிக்கு எத்தனை ஆயிரம் புள்ளிகள் என்று கூறப்படும். அக்கணக்கு கோணத்தோடு சேர்த்துச் சொல்லப்படாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை. 1986இல் அமைந்த பன்னாட்டு லேசர் காட்சிச் சங்கம் இதற்கென்றே ஒரு சோதனைப் படத்தை வகுத்து, அதை எட்டுப் பாகைக் கோணத்தில் காட்ட வேண்டும் என்று நிறுவியது. அப்படத்தில் ஒரு சதுரமும் அதனுள் ஒரு வட்டமும் உண்டு. வட்டத்துக்குக் கொடுக்கப்படும் சில புள்ளிகள் உண்மையில் சதுரத்துக்கு வெளியே அமைந்தவை. ஆடி தன் நிலைமத்தால், அதாவது இயக்க மாற்றத்தை எதிர்க்கும் இயல்பால், அப்புள்ளிகளை எட்டுமுன்பே அடுத்ததை நோக்கித் திரும்புவதால், சரியாகச் சுருதி சேர்க்கப்பட்ட கால்வோவில் வட்டம் சதுரத்தின் பக்கங்களை உள்ளிருந்து தொட்டு நிற்கும். குறையையே அளவுகோலாக்கிய இந்த வடிவமைப்பு இத்துறையின் மிகச் சிறந்த சிந்தனைகளில் ஒன்று. வட்டம் சதுரத்தை மீறினால் வேகமோ பெருக்கமோ தவறு. மூலைகள் சுருண்டால் தணிப்பு குறைவு. நல்ல காதுள்ளவர் வீணைத் தந்தியை முறுக்குவதுபோல், கட்டுபவர் மின்சுற்றின் சிறு திருகிகளைத் திருப்பியே இந்நிலையை அடைகிறார்.

நொடிக்கு 30,000 புள்ளிகள் என்ற கணக்கில், ஓர் உருவத்துக்கு 600 புள்ளிகள் செலவானால் அது நொடிக்கு 50 முறை வரையப்படும், கண் அமைதியாகப் பார்க்கும். 1,500 புள்ளிகள் ஆனால் 20 முறைதான், மினுமினுப்பு தாங்காது. ஆகவே இக்கருவிக்கு வரைவது ஒரு சிக்கனக் கலை: மூலையில் ஆடி நின்று திரும்ப ஒரே புள்ளியைச் சில முறை மீட்டுக் கொடுக்க வேண்டும், நேர்கோட்டில் புள்ளிகளைக் குறைக்கலாம், ஓர் உருவத்திலிருந்து மற்றதற்குத் தாவும்போது கற்றையை அணைக்க வேண்டும். ஒளி உடனே அணைந்து உடனே எரியும், ஆடியோ சற்றுப் பின்தங்கியே வரும். எனவே நிறச் செய்தியைச் சில புள்ளிகள் தாமதப்படுத்தாவிட்டால் எழுத்துகளுக்கு வால் முளைத்துவிடும்.

கணினியிலிருந்து இச்செய்திகளைக் கொண்டுவருவது இன்று பெரிய தடையன்று. கிடை, செங்குத்து, மூன்று நிறங்கள் என ஐந்து மின்னழுத்தங்களை ஒரே நேரத்தில் தரும் எண்-தொடர் மாற்றி போதும். ஆறு அல்லது எட்டுத் தடமுள்ள ஒலி அட்டையின் வெளியீட்டு மின்தேக்கிகளை நீக்கி, மாறா மின்னழுத்தமும் வெளிவரும்படி செய்து பலர் பயன்படுத்தினர். இப்போது வரைபடங்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட தனி மாற்றிகளும் இலவச மென்பொருள்களும் உள்ளன. மேற்கூறிய சங்கத்தின் 25 ஊசி இணைப்பு முறை, யார் கட்டிய கருவியையும் யார் எழுதிய மென்பொருளோடும் இணைய வைத்தது. நிறங்களை வெறுமனே எரிப்பது, அணைப்பது என்ற முறையில் ஆண்டால் ஏழு நிறங்களே கிடைக்கும். ஒவ்வொன்றையும் 256 படிகளில் ஆண்டால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட கலவைகள் கிடைக்கும்.

பாதுகாப்பு பற்றிய பகுதியைச் சடங்குக்காக இறுதியில் சேர்க்கும் வழக்கம் பல வழிகாட்டிகளில் உண்டு. இங்கே அது கருவியின் வடிவமைப்பையே தீர்மானிக்கும் காரணி. இணைக்கற்றை கண்ணுக்குள் நுழையும்போது கண்ணின் வில்லை அதை விழித்திரையின் நுண்புள்ளியில் குவித்து, பரப்பளவுக்கான ஆற்றலை ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பெருக்கிவிடுகிறது. ஐ.இ.சி. 60825 என்னும் பன்னாட்டுத் தரநிலை, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு என்று வகுத்ததன் அடிப்படை, கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும் என்ற கணிப்பு. தொடர்ந்து எரியும் கற்றை ஐந்நூறு மில்லிவாட்டைத் தாண்டினால் உச்சமான நான்காம் வகுப்பு. அங்கே இமை மூடுவதற்குள் காயம் முடிந்திருக்கும், மேசையில் கிடக்கும் திருகாணியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் அதே காயத்தைச் செய்யும். வீட்டில் கட்டப்படும் கருவிகள் பெரும்பாலும் இந்த வகுப்பில் வந்து நிற்கின்றன.

பலவண்ணக் கருவிக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆற்றலை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஒரு நிறத்துக்கோ இரண்டுக்கோ கிடைக்கும். மூன்று நிறங்களையும் தடுக்கும் கண்ணாடியை அணிந்தால் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் வேலையையே பார்க்க இயலாது. ஆகவே இங்கே உண்மையான காப்பு, ஒவ்வொரு டயோடையும் சில மில்லிவாட்டுக்கு இறக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எரித்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவைத்து, கற்றையின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தாமல் சீரமைப்பதே. முழு ஆற்றல் என்பது பெட்டி மூடப்பட்ட பின்னரே. பூட்டுச் சாவி, மூடியைத் திறந்தால் அணைக்கும் சுவிட்ச், கற்றையை மறைக்கும் தடுப்பு, எரிவதைக் காட்டும் விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தம் ஆகியவை பிற்சேர்க்கைகள் அல்ல. ஆடி நின்றுபோனால் உடனே ஒளியை அணைக்கும் மின்சுற்றும் அவ்வாறே, ஏனெனில் அசைந்துகொண்டிருக்கும் கற்றை கண்மணியைக் கடக்கும் நேரம் மிகக் குறைவு, நின்ற கற்றைக்கோ எல்லையே இல்லை.

2008 ஜூலையில் மாஸ்கோவுக்கு வடகிழக்கே நடந்த ஒரு திறந்தவெளி இசைவிழாவில், மழைக்காகக் கூரை விரிக்கப்பட்டிருக்க, வானை நோக்கவேண்டிய லேசர்கள் கூட்டத்தை நோக்கின. ஏறத்தாழ முப்பது பேரின் விழித்திரை பாதிக்கப்பட்டது. அமெரிக்க விதிகளின்கீழ் உயர் ஆற்றல் காட்சிகளுக்குத் தனி அனுமதி பெறவேண்டும். கற்றை, மக்கள் நிற்கும் தளத்துக்கு மூன்று மீட்டர் மேலாகச் செல்லவேண்டும். கூட்டத்தின் மேல் கற்றையை ஓட்டுவதற்கு முறையான அளவீடும் கணக்கும் தேவை. வீட்டுப் பட்டறையில் அவற்றுக்கான கருவிகள் இருப்பது அரிது. வானம் இன்னும் கடுமையானது. லேசர் பாய்ச்சப்பட்டதாக அமெரிக்க விமானிகள் 2023 என்ற ஓராண்டில் மட்டும் 13,304 முறை புகார் செய்தனர். சென்னையில் இறங்கவிருந்த விமானங்களின் மீதும் லேசர் ஒளி விழுந்ததாக 2025இல் செய்திகள் வந்தன. தொலைவில் கண்ணைப் புண்படுத்தாத கற்றையும் தரையிறங்கும் விமானியின் கண்ணைக் கூசச்செய்து ஓடுபாதையை மறைத்துவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் தீர்ப்பு தெளிவானது. அறைக்குள் வெறும் சுவரில் வரைவதற்குச் சில நூறு மில்லிவாட் போதும். அதற்கு மேல் செலவிட எண்ணும் பணமெல்லாம் நல்ல கால்வோவுக்கும் உறுதியான அடித்தகட்டுக்கும் சரியான பாதுகாப்புக் கண்ணாடிக்கும் போகவேண்டும். ஒளியியலையும் மின்னணுவியலையும் கையால் கற்பதற்கு இதற்கு ஈடான வீட்டுப் பணி அரிது என்பதால் இதைத் தொடங்குபவரை ஊக்குவிக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கட்டிய கருவி சுவரை மட்டுமே நோக்கட்டும். மனிதரின் பக்கமும் வானத்தின் பக்கமும் அது ஒருபோதும் திரும்பக் கூடாது.